விமானத்தின் வாலும் இரண்டு ஆணைகளும்

வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் தட்டுத் தராசு தூக்கிய காலத்தை உங்கள் பாட்டனார் அறிவர். ஒரு தட்டு தாழ்ந்திருந்தால், மறு தட்டில் சிறு கல்லைக் கட்டிச் சமன் செய்த பிறகே நிறுவை தொடங்கும். பறக்கும் விமானத்துக்கும் இத்தகைய சமன் வேண்டும். அதன் வாலில் கிடையாக அமைந்த சிற்றிறக்கையே அந்தக் கல். அதன் முன்விளிம்பு உயர்ந்தால் விமானத்தின் மூக்கு தாழும். தாழ்ந்தால் மூக்கு உயரும். இவ்வாறு சமன் செய்வதை விமானிகள் ‘டிரிம்’ என்பர்.

போயிங் 737 மேக்ஸ் விமானத்தில், மூக்கு அளவுமீறி உயர்வதாகத் தோன்றினால், அவ்வாலைத் தானே அசைத்து மூக்கைத் தாழ்த்தும் ‘எம்காஸ்’ என்னும் ஏற்பாடு இருந்தது. தானியங்கி விமானியை நிறுத்திவிட்டு மனிதர் கையால் ஓட்டும்போதுதான் அது வேலை செய்யும். வியப்பு யாதெனில், அது ஒரே ஓர் உணர்கருவியின் சொல்லை நம்பியிருந்தது.

2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தில் அக்கருவி பொய்யளவு காட்டியது. விமானிகள் டிரிமின் மின்விசையைத் துண்டித்து, கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பத்திரமாக இறங்கினர். ஆனால் விசையைத் துண்டித்த செய்தியைப் பதிவேட்டில் எழுதவில்லை! மறுநாட் காலை, வேறு விமானிகள் ஓட்டிய அதே விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்தது. 189 பேர் மாண்டனர்.

நவம்பர் 7 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அவசர ஆணை பிறப்பித்தது. வால் தானே அசைந்து மூக்கைத் தாழ்த்தினால் மின்விசையைத் துண்டிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அறிவுரை சரியே, ஆயினும் குறை இயந்திரத்தில் இருக்க, பொறுப்பு விமானியின் தலையில் ஏறியது. 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பிய விமானிகள் விசையைத் துண்டித்தும் பார்த்தனர். அதற்குள் வேகம் மிகுந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தால் கைச்சக்கரம் அசைய மறுத்தது. 157 பேர் இறந்தனர். அவருள் நால்வர் இந்தியர்.

மறுநாள் நம் நாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம், அவ்விமானத்தின் தலைமை விமானிக்கு 1000 மணி நேர அனுபவம் வேண்டும் என்றது. அடுத்த நாள் இரவு, பறப்பதையே நிறுத்தியது. ஒரே நாளில் மாறிய அம்முடிவைச் சிலர் தடுமாற்றம் என்பர். நான் விவேகம் என்பேன்.

2020 நவம்பரில் அமெரிக்க நிர்வாகம் பிறப்பித்த ஆணை இயந்திரத்தையே திருத்தியது. இரண்டு உணர்கருவிகளும் ஒத்துரைத்தாலன்றி எம்காஸ் இயங்காது, இயங்கினும் ஒருமுறைதான், விமானி கைப்பிடியை இழுத்தே அதனை வெல்லலாம். விமானிகளுக்குப் போலிவிமானக் கூடத்தில் பயிற்சியும் கட்டாயமாயிற்று. இந்தியாவில் தடை நீங்கியது 2021 ஆகஸ்ட் 26 அன்று.