கேசட் விற்ற பாடகி

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1970இல் பிறந்தவர் ஆனி டிஃப்ராங்கோ. தாமே பாட்டெழுதி, கிட்டார் வாசித்துப் பாடுபவர். 1990இல் முதல் ஆல்பத்தைக் கேசட்டாகப் போட்டார். கச்சேரிக்கு வந்த ரசிகர்களிடமே விற்றார்.

பெரிய இசை கம்பெனிகள் தேடி வந்தன. மறுத்துவிட்டார்!

தம் பாட்டு தம் கையிலேயே இருக்க வேண்டும் என்பதில் அத்தனை உறுதி. சொந்த நிறுவனமான ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் வழியாக ஆல்பங்களைத் தொடர்ந்து வெளியிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பாடியதுதான் அவருக்கு விளம்பரம். 1997இல் வந்த 'லிவிங் இன் கிளிப்' என்ற கச்சேரித் தொகுப்பு, கோல்டு சான்றிதழ் வரை போனது. தனி ஒருத்திக்கு இது பெரிய சாதனைதான்.

பஃபலோவில் இடிபடவிருந்த பழைய தேவாலயம் ஒன்றையும் அவரது நிறுவனம் காப்பாற்றியது. அதுதான் இன்றைய பேப்வில் கச்சேரி அரங்கம்.