தில்லியில் உத்தரவு, கோவா கடற்கரையில் விளைவு

புதுதில்லி: பிரிட்டனில் பிற்பகலில் புறப்படும் விமானம், சுமார் 10 மணி நேரம் பறந்து கோவாவில் தரையிறங்கும்போது மறுநாள் விடியற்காலையாகிவிடுகிறது. குளிர்காலத்தில் இரு நாடுகளுக்கும் இடையே ஐந்தரை மணி நேர வித்தியாசம். பயணிகளின் உடலுக்கு அது இன்னும் நள்ளிரவு. கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, குடியேற்றப் பிரிவின் வரிசையில் தூக்கக் கலக்கத்துடன் நிற்கிறார்கள்.

வெளியே பேருந்து காத்திருக்கிறது. கலங்குட், பாகா, கண்டோலிம் ஆகிய ஊர்களின் சிறு விடுதிகளில் அது பயணிகளை இறக்கிவிடுகிறது. முதல் நாள் தங்கியவர்கள் அறையைக் காலி செய்ய நண்பகல் ஆகும். அதுவரை பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு, கடற்கரையில் மூங்கிலும் ஓலையும் கொண்டு அமைத்த குடில்களில் தேநீர் அருந்தியபடி அமர்ந்திருப்பார்கள். இந்தக் காட்சிக்குப் பின்னால் பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வாதாரம் இருக்கிறது.

விமானம், விடுதி, உணவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டில் வரும் சார்ட்டர் எனப்படும் வாடகை விமானங்கள், 1980-களிலேயே கோவாவுக்கு வரத் தொடங்கிவிட்டன. இவற்றில் வருவோர் செல்வந்தர்கள் அல்லர். ஓய்வூதியம் பெறுவோரும் நடுத்தர ஊதியக்காரர்களும் அவர்களில் அதிகம். ஆனால், பலர் இரண்டு வாரங்கள், அதற்கு மேலும் தங்குவார்கள். கட்டணத்தில் பெரும்பகுதி அவர்களது நாட்டிலேயே செலுத்தப்பட்டுவிடுகிறது. எனினும் குடில்காரர், வாடகைக் கார் ஓட்டுநர், துணி வெளுப்பவர், இருசக்கர வாகனம் வாடகைக்கு விடுபவர் ஆகியோருக்கு அன்றாடம் கிடைக்கும் சிறு தொகைகள் ஊரிலேயே தங்குகின்றன.

அக்டோபரில் தொடங்கி ஏப்ரலுக்குள் பருவம் முடிந்துவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு குடில்களைப் பிரித்துவிட வேண்டும். ஆண்டு முழுவதற்குமான வருமானத்தை அந்தச் சில மாதங்களிலேயே ஈட்டியாக வேண்டும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு பலவீனமானது என்பதை 2019 செப்டம்பர் காட்டியது. பிரிட்டனின் பழம்பெரும் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் திவாலானது. அதே பெயரில் இந்தியாவில் இயங்கும் நிறுவனம் 2012-லேயே வேறு உரிமையாளரிடம் சென்றுவிட்டதால் பாதிக்கப்படவில்லை. ஆனால், பிரிட்டன் பயணிகளை நம்பியிருந்த கோவா விடுதிகள் கலங்கின. அடுத்த மார்ச்சில் கரோனா பரவலால் விசாக்கள் நிறுத்தப்பட்டன.

தொற்று தணிந்த பின்னரும் நிலைமை உடனே சீராகவில்லை. பிரிட்டிஷ் குடிமக்களுக்கான மின்னணு விசா 2022 டிசம்பரில்தான் மீண்டும் வழங்கப்பட்டது. அதற்குள் அந்தப் பருவத்தின் முதல் இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. நேரில் விண்ணப்பிக்க நாள் கிடைக்காமல் பலர் பயணத்தை ரத்து செய்தனர். நாடுகளுக்கிடையே பரஸ்பர நடவடிக்கைக்கு உரிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் சுமை, ராஜதந்திரத்துக்குத் தொடர்பே இல்லாத குடில்காரரின் தலையில் விழுந்தது.

விசா மட்டுமல்ல. டபோலிம் விமான நிலையம் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், வார நாள்களின் காலை வேளைகளில் பயணிகள் விமானங்களுக்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருந்துவந்தது. மாற்றாக, வடக்கே மோபாவில் புதிய விமான நிலையம் 2023 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. இப்போது தெற்குக் கோவா மக்கள், விமானங்கள் டபோலிமைக் கைவிட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளை வகுப்பதும் மத்திய அரசே. விசா, வான்வழி, கடற்கரை ஆகிய மூன்றுக்கும் சாவி தலைநகரில்தான் இருக்கிறது.

கூடுதலாகச் செலவு செய்யும் பயணிகளே தேவை என்ற குரல் கோவா ஆட்சியாளர்களிடமிருந்து அவ்வப்போது எழுகிறது. மணல் அரிப்பையும் குப்பையையும் நிலத்தடி நீர்த் தட்டுப்பாட்டையும் கண்டவர்கள் அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், நட்சத்திர விடுதியின் நீச்சல் குளம் நீரைக் குறைவாகச் செலவிடுவதில்லை; அங்கு தங்குபவர் ஓலைக் குடிலைத் தேடி வருவதும் அரிது.

விசா விதிகளை மாற்றுவதானால் பருவத்தின் நடுவில் அல்லாமல், மழைக்காலத்திலேயே அறிவித்துவிடலாம். அரசுக்கு இதில் கூடுதல் செலவில்லை. கடன் வாங்கிக் குடில் போடுபவருக்கோ அதுவே அந்த ஆண்டின் வாழ்வு.