ஓடாமலே தேயும் கார்

1983 டிசம்பரில் இந்தியச் சாலைகளுக்கு வந்த மாருதி 800 காரின் தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுபோனது. ஆகவே இன்று கண்ணில் படும் அவ்வகைக் கார்களில் மிக இளையதும் பத்து வயதைக் கடந்ததே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டி தகுதியுடன் இருந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படும். சட்டம் இவ்வாறு ஆண்டுகளை எண்ண, உரிமையாளர்களோ பெரும்பாலும் ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரையே எண்ணுகின்றனர். இரும்பு ஓட்டத்தால் தேய்கிறது என்பது உண்மையே. ஆனால் எண்ணெய், கூலன்ட், ரப்பர் ஆகியவை வண்டி நிறுத்தத்தில் நின்றாலும் கெடுகின்றன என்பதால், குறைவாக ஓடும் பழைய காருக்குக் கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் போதுவதில்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில் அந்நீர் ஆவியாகிச் சைலன்சர் வழியே வெளியேறிவிடும். கடைத்தெரு வரை சென்று திரும்பும் குறும்பயணங்களில் சூடு போதாமையால், அதில் ஒரு பகுதி சைலன்சருக்குள் தங்கி அதை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கிறது, மற்றொரு பகுதி எரியாத பெட்ரோலுடன் சேர்ந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. தேயும் பரப்புகளுக்கிடையே மெல்லிய படலமாக நின்று உலோகத்தைக் காப்பதே ஆயிலின் பணி என்பதால், அது நீர்த்துப்போனால் அந்தப் படலமும் வலுவிழக்கிறது. குறித்த கிலோமீட்டரை எட்டாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் அதன் வடிகட்டியையும் மாற்றுவதும், வாரத்தில் ஒருநாளேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவதும் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

வெப்பமான ஊர்களில் பழைய கார்களுக்கு மிகுதியாக இழைக்கப்படும் தீங்கு குளிர்விக்கும் அமைப்பில்தான் காணப்படுகிறது. எஞ்சின் உரிய சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடிவைத்து, பின்னர் திறந்துவிடும் சிறு வால்வுக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். வண்டி அதிகம் சூடாகிறது என்ற முறையீடு வந்தவுடன் சில மெக்கானிக்குகள் இதைக் கழற்றி எறிந்துவிடுவதுண்டு. அதன் விளைவாக எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடி, எரிபொருளை விழுங்கி, மேற்சொன்ன நீர்க்கலப்பையும் கூட்டுகிறது. கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றும் வழக்கமும் இத்தகையதே: வெந்நீர்ப் பாத்திரத்தில் படியும் வெண்ணிற உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படிந்து அவற்றை அடைப்பதோடு, அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் இல்லாமையால் எஞ்சினின் அலுமினியப் பகுதிகளும் அரிக்கப்படுகின்றன. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. குக்கரைப் போல அழுத்தத்தைத் தேக்கிக் கொதிநிலையை உயர்த்துவது அதுவே, ஆதலால் அதன் ரப்பர் தளர்ந்ததும் மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் என்றுள்ள கொதிநிலை வரம்பு, ஈரமேறிய பின் 140 ஆகக் குறைகிறது. மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கையில் அது கொதித்துக் குமிழி கட்டினால் பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்றுவது இவ்விடரைத் தவிர்க்கும். டயரின் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்க எண் அது வார்க்கப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிப்பதால், 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் என்று பொருள். பள்ளம் தேயாத டயரிலும் வயதின் வெடிப்புகள் தோன்றக்கூடும். எத்தனால் கலப்பு 20 விழுக்காடாக உயர்ந்துள்ள இக்காலத்தில், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய பெட்ரோல் குழாய்களில் கசிவு உள்ளதா என்று பார்ப்பதும் தேவையாகிறது.

எஞ்சினைப் பிரித்துச் சீராக்கலாம், தேய்ந்த உறுப்புகளை மாற்றலாம்; துருவுக்கு அத்தகைய எளிய மாற்றில்லை. தனிச் சட்டகமின்றி உடற்கூடே எடையைத் தாங்கும் மாருதி 800 போன்ற கார்களில், கூட்டைத் துரு அரித்தால் வண்டியின் எலும்பே அரிக்கப்பட்டதாகும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உள்ளன. மண்ணும் சருகும் அவற்றை அடைத்தால் துரு உள்ளிருந்து தொடங்கி, வண்ணப்பூச்சு கொப்புளித்த பின்னரே வெளியே தெரியும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் அத்துளைகளைக் குத்திவிட்டு, அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவுவது செலவற்ற காப்பாகும்.

ஆகவே, பழைய காரின் பராமரிப்புக் குறிப்பேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரே கிலோமீட்டரையும் தேதியையும் எழுதிவைத்து, இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி அடுத்த பணியைச் செய்வதே முறையாகும். வண்டி ஓய்வாக நிற்கும் மாதங்களில் தேதியே முந்தும்.