இரத்தம் சிந்தாத காயம்

2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 8-ம் தேதி, ஈராக் தேசத்தில் அமெரிக்கத் துருப்புகள் தங்கியிருந்த அல் அஸாத் விமான தளத்தின்மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. அமெரிக்கர் எவருக்கும் தீங்கு நேரவில்லையென்று ஜனாதிபதி டிரம்ப் அன்றே உலகுக்கு அறிவித்தார். சில தினங்களில் உண்மை வெளிவரலாயிற்று. மூளையதிர்ச்சிக்குள்ளானவர்களென்று வைத்தியர் கண்டறிந்தவர்களின் தொகை நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்டது. இதனைக் குறித்து டாவோஸ் நகரில் கேட்கப்பட்டபோது ஜனாதிபதி, அது தலைவலியென்றும், அவ்வளவு கடுமையானதன்றென்றும் விடையளித்தார். யுத்தம் புரிந்து திரும்பிய வீரர்களின் பெரிய சங்கமொன்று, அவர் மன்னிப்புக் கோர வேண்டுமென்று கண்டித்தது. அக்கோரிக்கை முற்றும் நியாயமே என்போம்.

மூளையதிர்ச்சி கண்ணுக்குப் புலப்படாத காயம். குண்டு வெடிக்கும்பொழுது எழும் காற்றழுத்தம் மண்டையோட்டை உடைக்காமலே உள்ளிருக்கும் மூளையைக் குலுக்கிவிடுகிறது. மண்டையைப் படமெடுத்துப் பார்ப்பினும் பெரும்பாலும் யாதொரு சேதமும் தென்படுவதில்லை. ஆனால் அம்மனிதனுக்குத் தலை சுற்றுகிறது, வெளிச்சம் பொறுக்கவில்லை, உறக்கம் கெடுகிறது, நேற்றுச் சொன்னது இன்று நினைவிலில்லை, அற்ப விஷயத்துக்கும் கோபம் மூளுகிறது. கையிழந்தவனைக் கண்டு இரங்கும் உலகம், இவனைச் சோம்பேறியென்றும் கோழையென்றும் ஏசுகிறது.

இவ்வநீதி புதிதன்று. முதல் மகாயுத்தத்தின்போது, 1915-ம் வருஷத்தில், சார்ல்ஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகைய நோயாளிகளைப்பற்றி எழுதிய கட்டுரையின் மூலம் ‘குண்டதிர்ச்சி’ என்ற பெயர் வைத்திய உலகில் வழங்கலாயிற்று. 1917-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் அப்பெயரை வழங்கலாகாதென்று தடுத்தனர். பெயரைத் தடுத்ததனால் நோய் நின்றுவிடவில்லை! குண்டதிர்ச்சிக்காக மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலிருந்த ஹாரி ஃபார் என்ற சிப்பாய், 1916-ல் கோழைத்தனத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்கும், அவ்வாறு தண்டிக்கப்பட்ட மற்றும் முந்நூற்றுக்கு மேற்பட்டோருக்கும் 2006-ம் வருஷத்தில்தான் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பளித்தனர். தொண்ணூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பினால் மாண்டவனுக்கு என்ன பயன்?

இன்று வைத்திய சாஸ்திரம் தெளிவான வழி காட்டியிருக்கிறது. 2000-ம் வருஷம் முதல் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினருக்கு மூளைக்காயம் கண்டறியப்பட்டுள்ளது. பெரும்பாலானவை இலேசான அதிர்ச்சிகள். இவ்வனுபவத்தினின்று பிறந்தது 2010-ம் வருஷத்து உத்தரவு. வெடிப்பு நிகழ்ந்த இடத்திற்கு 50 மீட்டருக்குள் இருந்தவன், தனக்கு ஒன்றுமில்லையென்று சொன்னாலும் பரிசோதிக்கப்பட வேண்டும். 24 மணி நேரம் ஓய்வும் கட்டாயம். தோழர்களைக் களத்தில் விட்டுத் தான் படுத்திருக்க எந்த வீரனும் மனமொப்பான். ஆதலால் தீர்மானத்தை அவனிடம் விடாதது விவேகமாகும்.

அதன்பின் நோயாளி இருட்டறையில் நெடுநாள் கிடத்தலும் தவறு. சிறிது நடை, இலேசான வேலை, பின்னர் கடும் பயிற்சி என ஆறு படிகளில் அவனைப் பழைய வேலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு படியில் தலைவலியோ மயக்கமோ அதிகரித்தால் முந்திய படிக்கு இறக்குகிறார்கள். உறக்கத்தை ஒழுங்குபடுத்துதலும், மதுவை விலக்குதலும் சிகிச்சையின் பகுதிகள். பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைவர் என்ற உண்மையை ஆரம்பத்திலேயே எடுத்துரைப்பதும் நல்ல மருந்தாகும். முதலதிர்ச்சி தீருமுன் மற்றொன்று நேரிடுவதே பேரபாயம். ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை அடிபட்டவனை முற்றும் பரிசோதியாமல் களத்துக்கு அனுப்பலாகாதென்பது 2012-ல் ஏற்பட்ட விதி.

விதிகள் நல்லவையே. ஆனால் அவற்றை நிறைவேற்றுபவன் படைத்தலைவன். “தலைவலிதானே!” என்று மேலிடத்திலிருந்து வரும் ஒரு சொல், ஏட்டிலுள்ள விதிகளனைத்தையும் செல்லாக்காசாக்கிவிடும். அதைக் கேட்ட சிப்பாய் தன் நோவை மறைப்பான். அல் அஸாத்தில் அடிபட்டவர்களுள் 29 பேருக்கே முதலில், யுத்த காயத்துக்குரிய ‘பர்ப்பிள் ஹார்ட்’ பதக்கம் வழங்கப்பட்டது. மேலும் 39 பேர் அதைப் பெற 2021-ம் வருஷம் டிசம்பர் வரையில் காத்திருக்க நேர்ந்தது. பதக்கம் வெறும் அலங்காரமன்று. காயம் உண்மையானதென்று தேசம் ஒப்புக்கொள்வதற்கு அது அத்தாட்சி.

எந்தத் தேசமாயினும், தன் புதல்வர்களைப் போர்க்களத்துக்கு அனுப்பும் சர்க்காருக்கு ஒரு கடமையுண்டு. அவர்களுடைய காயங்களை ஒளியாமல் எண்ண வேண்டும். எண்ணியபின் ஓய்வும் சிகிச்சையும் மரியாதையும் அளிக்க வேண்டும். வீரனுடைய தைரியத்தைப் போற்றுவோர், அவன் “எனக்கு நோகிறது” என்று சொல்வதற்கு வேண்டிய தைரியத்தையும் போற்றக் கற்றுக்கொள்வார்களாக.