வாயிற்காவலரும் மாணவரும்

திருப்பூர் ஊத்துக்குளி சாலையில், மண்ணரையைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் காலை ஷிப்டு தொடங்குமுன், ஒரு கையில் தூக்குப்போசியும் மறு கையில் பிள்ளையுமாகப் பள்ளி வாசலுக்கு விரைந்துவரும் தாய்மார்களை எதிர்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொள்பவர், பெரும்பாலும் தலைமையாசிரியையாகிய கன்னியாஸ்திரீயும் அல்லர், வகுப்பாசிரியையும் அல்லர். கூட்டிப் பெருக்கும் ஆயாம்மாவே ஆவார். கத்தோலிக்கப் பள்ளி என்றவுடன் கட்டுப்பாடும் நல்ல படிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. அப்புகழைச் சன்னியாச சபைகளும் ஆசிரியர்களும் பெறுவது நியாயமே. ஆயினும் ஒரு தாய் பகலெல்லாம் ஓவர்லாக் மெஷினில் நிம்மதியாக உட்கார்ந்து தைப்பதும், ஒன்றரை ஷிப்டு பார்க்க நேர்ந்த நாளில் இருட்டிய பின்னும் பதறாமல் இருப்பதும், அந்த ஆயாம்மாவின் சிரத்தையை நம்பித்தான்.

அவர் வேலை மணி அடிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, பிள்ளைகளின் பெற்றோர் எவரோ கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பனியன் வேஸ்டால் பெஞ்சுகளைத் துடைத்து, அவசரத்தில் தலைவாராமல் வந்த சிறுமிக்கு ரிப்பன் கட்டிவிடுகிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் குழந்தை, ஒன்றுக்குப் போகவேண்டும் என்று தமிழில் கேட்கத் தெரியாமல் விழிக்கும்போது, முகக்குறிப்பாலேயே அறிந்து கைபிடித்து அழைத்துப் போகிறவரும் அவரே. நெற்றியில் திருநீறு அணிந்த ஆயாம்மா மாதா கெபியைக் கழுவிப் பூ வைப்பதில் எவரும் முரண்பாடு காண்பதில்லை. காணவேண்டிய அவசியமும் இல்லை.

கண்ணில் படாத உழைப்பின் அருமையைப் பின்னலாடைத் தொழில் செய்வோருக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கைமடிக்கும் ஆள் இல்லாவிட்டால் டெய்லரின் கை ஓடாது. பிசிறு வெட்டும் பெண் கண் அசந்தால், கடல் கடந்து போன சரக்கும் திரும்பி வரும்.

இவ்வுண்மைக்குத் திருச்சபையின் சரித்திரத்தில் உயர்ந்த சாட்சி ஒன்று உண்டு. ஸ்பெயின் தேசத்துச் செகோவியா நகரில் கம்பளி வியாபாரம் செய்து நொடித்துப்போய், மனைவியையும் மக்களையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்து, நாற்பதை நெருங்கிய வயதில் இயேசு சபையில் குருவாக அன்றி ஊழியச் சகோதரராகச் சேர்ந்த அல்போன்ஸ் ரொட்ரிக்கஸ், 1571இல் மயோர்க்கா தீவின் பால்மா நகரக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டு, 1617இல் மரிக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். நெடுங்காலம் அவர் செய்தது வாயிற்காவல். மணியோசை கேட்டபோதெல்லாம், ஆண்டவரே வெளியில் வந்து நிற்பதாகப் பாவித்து எழுந்து போவார் என்பர். 1605இல் அங்கே படிக்க வந்த பேதுரு கிளாவர் என்னும் இளைஞர் இந்தக் கிழவரிடம் மனம்விட்டுப் பேசலானார். கடல் கடந்து அமெரிக்க நாடுகளுக்குப் போய்ப் பணி செய் என்று அவரை ஊக்கியவர் இந்த வாயிற்காவலர்தான். கிளாவர் அவ்வாறே சென்று, கார்த்தஹேனா துறைமுகத்தில் அடிமைக் கப்பல்களில் வந்திறங்கிய ஆப்பிரிக்க மக்களுக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பணிவிடை செய்தார். வாயிற்காவலரையும் மாணவரையும் 1888 ஜனவரி 15 அன்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் ஒரே நாளில் புனிதர்களாக உயர்த்தினார். அக்கல்லூரியில் அந்நாளில் பாடம் சொன்னவர்களின் பெயர்களை இன்று எத்தனை பேர் அறிவர்?

நம் நாட்டிலும் அடுப்படியில் நிற்பவர்களின் உழைப்பு அண்மையில் சற்றே வெளிச்சத்திற்கு வந்திருக்கிறது. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15இல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டபோது, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியிலும், 2025 ஆகஸ்ட் 26இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியிலும் தொடங்கிவைக்கப்பட்டது. கிராமங்களில் விடியுமுன் எழுந்து உப்புமாவும் பொங்கலும் கிண்டுபவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களுள் பலருடைய பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்ந்து உண்கிறார்கள். ஊராரின் பிள்ளைக்குச் சமைப்பதும் தன் பிள்ளைக்குச் சமைப்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நன்றி என்பது ஆண்டு விழாவில் ஒரு சேலையும் கைதட்டலும் கொடுத்து முடித்துக்கொள்ளத்தக்க உபசாரம் அன்று. வாயிற்காவலரைப் புனிதராக்கிய அதே சிங்கராயர்தாம் மூன்றாண்டு கழித்து, 1891 மே மாதத்தில், உழைப்பவனுக்கு நியாயமான கூலி தரப்படவேண்டும் என்று உலகமெங்கும் சுற்றுமடல் விடுத்தார் என்பதைக் கத்தோலிக்கப் பள்ளி நிர்வாகங்கள் மறத்தல் ஆகாது. தொழிலாளரின் பாதுகாவலராகிய சூசையப்பருக்குத் திருச்சபை 1955இல் ஏற்படுத்திய திருநாள் மே முதல் தேதி; நம் ஊரிலோ அது கோடை விடுமுறைக் காலம், வாழ்த்துவதற்குப் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். ஆகவே பள்ளி திறந்தபின் வரும் ஜூலை 29ஆம் தேதியை, பணிவிடையிலேயே பரபரப்பாக இருந்தவர் என்று சுவிசேஷம் சொல்லும் மார்த்தாளின் திருநாளை, இதற்கென வைத்துக்கொள்ளலாம். அன்று காலைக் கூட்டத்தில் ஆயாம்மா, காவலாளி, சமையலர், வேன் ஓட்டுநர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஆண்டு மலரின் படத்தில் ஆசிரியர்களுக்கு நடுவே அமர்த்தட்டும். அதற்கு முன்பாகவே, பள்ளி மூடியிருந்த மே மாதத்தின் சம்பளமும் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.