முதன்முறையாகப் பொறியில் முட்டை அடைவைத்தல்

கமக்காரர் வீட்டிற்கு அடைக்கோழி புதியதன்று. பெட்டியொன்றில் வைக்கோலைப் பரப்பி 10 அல்லது 12 முட்டைகளை வைத்துவிட்டால், 21 நாட்களின் பின் அக்கோழி குஞ்சுகளுடன் முற்றத்தில் இறங்கும். இடையில் வீட்டார் செய்யவேண்டியது தீனியும் தண்ணீரும் வைப்பதேயாகும். இப்பழக்கத்தினால், முதன்முறையாகப் பொறி வாங்குபவர், முட்டைகளை உள்ளே வைத்து மின்சாரத்தைச் செலுத்திவிட்டால் மீதியைப் பொறி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுகின்றார். முதலடை கெடுவதற்கு இவ்வெண்ணமே பெரும்பாலும் காரணமாகும்.

சாதாரண பொறி வெப்பத்தை மாத்திரமே கொடுக்கும். முட்டைகளைத் திருப்புதல், ஈரத்தைக் காத்தல், தொடாமல் விடவேண்டிய நாளில் தொடாதிருத்தல் ஆகியவற்றைப் பேட்டுக்கோழி எவரும் கற்பியாமலே செய்கின்றது. பொறியில் அவற்றைக் கமக்காரரே செய்தல் வேண்டும். முதல் 18 நாட்கள் கை ஓயாதிருக்க வேண்டும். கடைசி 3 நாட்கள் கையை மடக்கிக்கொண்டிருக்க வேண்டும். இதனை மனத்திற் கொண்டவருக்கு முதலடையும் பயன் தரும்.

முட்டைகளைத் தெரிவுசெய்தல்

சேவலுடன் திரியும் பேடுகள் இட்ட முட்டைகளே பொரிக்கும். 10 பேடுகளுக்கு ஒரு சேவல் போதுமானது. சேவலின்றிக் கூட்டில் வளர்க்கப்படும் கோழிகளின் முட்டைகளைக் கடையில் வாங்கி வைப்பதால் பயனில்லை. மிகப் பெரியவை, மிகச் சிறியவை, வெடித்தவை, ஓடு மெலிந்தவை ஆகியவற்றை விலக்குக. அழுக்கு முட்டையைக் கழுவுதல் கூடாது. கழுவினால் ஓட்டின் இயற்கைப் பூச்சு நீங்கிக் கிருமிகள் உட்புக இடமுண்டாகும்.

முட்டைகளைக் குளிர்ந்த நிழலிடத்தில் கூர்முனை கீழிருக்க அடுக்கி, 7 நாட்களுக்குள் அடைவைத்தல் நன்று. பொறி 100 முட்டை கொள்வதாயினும் முதன்முறை 20 அல்லது 30 முட்டைகளே போதும். கெடும் முட்டை ஒவ்வொன்றும் சந்தையில் விற்றிருக்கக்கூடிய முட்டை என்பதை மறத்தலாகாது.

பொறியை ஆயத்தஞ்செய்தல்

வெயிலும் காற்றும் நேரே படாத உள்ளறையில் பொறியை வைத்து, ஒரு நாள் முழுவதும் வெறுமையாக இயக்கி, வெப்பம் நிலைத்து நிற்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். விசிறியுள்ள பொறிக்கு 37.5 பாகை செல்சியசு (பரனைற்று 99.5) தகுந்தது. விசிறியில்லாத பொறியில் மேற்புறம் சூடாகவும் கீழ்ப்புறம் குளிர்ந்தும் இருக்குமாதலால், முட்டைகளின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38.3 தொடக்கம் 38.9 பாகை வரை (பரனைற்று 101 தொடக்கம் 102 வரை) காட்டுமாறு அமைத்தல் வேண்டும். வெப்பமானி பிழையெனின் அடை முழுவதும் பிழையாகும். ஆகவே காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியுடன் அதனை ஒப்பிட்டுக்கொள்க.

முதல் 18 நாட்கள்

முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் பெருக்கற் குறியும் மறுபக்கத்தில் வட்டமும் இடுக. நாளொன்றுக்கு 3 அல்லது 5 முறை, கைகளைக் கழுவிக்கொண்டு, எல்லா முட்டைகளையும் திருப்புக. ஒற்றைப்பட எண்ணில் திருப்பினால், நீண்ட இராப்பொழுதில் ஒரே பக்கம் எப்போதும் மேலிராது. திருப்பாவிடின் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டி இறக்கும். தானாகத் திருப்பும் பொறியாயினும் அது ஒழுங்காகத் திருப்புகின்றதா என நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

இக்காலத்தில் பொறியினுள் சாரீரப்பதன் நூற்றுக்கு 50 தொடக்கம் 55 வரை இருத்தல் நன்று. மாரி மழைக்காலத்தில் தண்ணீர்த் தட்டைச் சிறிதளவே நிரப்பினாலும் போதும். கிழக்கில் கச்சான் காற்று வீசும் நாட்களில் அடிக்கடி நிரப்ப நேரிடும். தராசு இருப்பின் சோதனை எளிது. தொடக்கத்தில் 500 கிராம் நிறையுள்ள முட்டைகள் 18ஆம் நாளில் ஏறக்குறைய 440 கிராமாகக் குறைந்திருத்தல் வேண்டும். நிறை அதிகம் குறையின் ஈரம் போதாது. மிகக் குறைவாகக் குறையின் ஈரம் மிகுதி.

7ஆம் நாள் இரவு, இருட்டறையில் மின்சூளை முட்டையின் பருத்த முனையிற் பிடித்துப் பார்க்குக. சிலந்தி வலைபோற் சிவந்த நரம்புகள் தெரியின் கரு வளர்கின்றது. தெளிவாகத் தெரிவது கருக்கட்டாத முட்டையாகும். இரத்த வளையம் மாத்திரம் தெரிவது கரு இறந்த முட்டையாகும். இவ்விரு வகையையும் நீக்கிவிடுக.

மின்சாரம் தடைப்பட்டால்

2022ஆம் ஆண்டில் இலங்கை நீண்ட மின்வெட்டுகளைக் கண்டது. அத்தகைய வேளையில் மூடியைத் திறவாது, பொறியின் மேல் போர்வை அல்லது சாக்கை இடுக. காற்றுத் துளைகளை முற்றாக அடைத்தலாகாது. ஓரிரு மணி நேரக் குளிர்ச்சியால் கரு எளிதில் இறவாது. பொரித்தல் சற்றுத் தாமதிக்கலாம். மிகுந்த சூடே கொடியது. 40.5 பாகை செல்சியசு சிறிது நேரம் நின்றாலும் பெருந்தீங்கு விளையும். ஆதலால், மின்சாரம் மீண்டதும் இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய எண்ணிச் சூட்டைக் கூட்டுதல் கூடாது.

கடைசி 3 நாட்கள்

திங்கட்கிழமை மாலை அடைவைத்தவர், மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை மாலை திருப்புதலை நிறுத்தல் வேண்டும். அன்று தண்ணீர்த் தட்டை நிரப்பி, சாரீரப்பதனை 65 தொடக்கம் 70 வரை உயர்த்தி, காற்றுத் துளைகளைத் திறந்து வைத்து, மூடியை மூடுக. அடுத்த திங்கட்கிழமை வரை அதனைத் திறத்தலாகாது.

முதன்முறை அடைவைப்பவருக்குக் கடினமான வேலை இதுவேயாகும். ஓட்டிற் சிறு வெடிப்புத் தோன்றும். உள்ளே குஞ்சு கீச்சிடும். பின்னர் பல மணி நேரம் அசைவு இராது. குஞ்சு இறந்துவிடுமோ என அஞ்சி மூடியைத் திறப்பவர் உள்ளிருந்த ஈரத்தை வெளியேற்றிவிடுகின்றார். சவ்வு உலர்ந்து இறுகி, மற்றைய குஞ்சுகள் ஓட்டினுள்ளே சிக்குண்டு இறக்கின்றன. ஓட்டை உரித்து உதவ முற்படின், இன்னும் இரத்தம் வற்றாத நரம்புகள் அறுந்து அக்குஞ்சும் இறக்கலாம். வெடிப்பிலிருந்து வெளிவரும் வரை 12 தொடக்கம் 24 மணி நேரம் செல்வது இயல்பு. அசையாதிருக்கும் அவ்வேளையில் குஞ்சு மஞ்சட்கருவை வயிற்றினுள் இழுத்துக்கொள்கின்றது. அவ்வுணவு பொரித்தபின் ஒரு நாளுக்குப் போதுமாதலால், குஞ்சுகள் உலர்ந்து மயிர் விரியும் வரை பொறியினுள்ளே இருப்பதால் தீங்கில்லை. பின்னர் அவற்றை 35 பாகை வெப்பமுள்ள கூட்டிற்கு மாற்றித் தண்ணீரும் தீனியும் கொடுக்குக.

பொரியாத முட்டைகள்

பொரியாதவற்றை எறியுமுன் உடைத்துப் பார்க்குக. பல முட்டைகள் தெளிவாயிருப்பின் சேவலிற் குறை, அல்லது முட்டை பழையது. குஞ்சு முழுதும் வளர்ந்து நீரில் ஊறியிருப்பின் ஈரம் மிகுதி. சவ்வில் ஒட்டி உலர்ந்திருப்பின் ஈரம் போதாது, அல்லது மூடி திறக்கப்பட்டது. 20ஆம் நாளிலேயே பொரிப்பின் சூடு மிகுதி. 22ஆம் நாளுக்குத் தள்ளிப்போயின் சூடு குறைவு. நாள்தோறும் கண்ட வெப்பத்தையும் இம்முடிவுகளையும் கொப்பியொன்றிற் குறித்து வைப்பவர், இரண்டாம் அடையை முதலடையினும் நன்றாகப் பொரிக்கச் செய்வார்.