சுடும் மணல், சுடாத கடல்!

குழந்தைகளே, மாமல்லபுரம் கடற்கரையில் மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறீர்களா? மணல் காலைப் பொசுக்கும். ஓடிப்போய் அலையில் கால் நனைத்தால் ஜில்லென்று இருக்கும். இரண்டின் மேலும் அடிப்பது ஒரே வெயில்தானே! ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பத்தில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே ஒரு கிலோ மணலுக்குப் போதும். பாடப் புத்தகத்தில் இதைத் 'தன் வெப்ப ஏற்புத்திறன்' என்று நீளமாகப் போட்டிருப்பார்கள். பயந்துவிடாதீர்கள்!

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில், அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்களுக்கும் சேர்மங்களுக்கும் இந்தக் கணக்கை எடுக்கிறார்கள். சிறு துண்டைச் சூடான கலோரிமீட்டர் என்ற கருவிக்குள் போட்டு, அது ஏற்கும் வெப்பத்தை அளப்பார்கள்.

எதற்கு? அங்கே 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையில் சூட்டைச் சுமந்து வருவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம்! நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே, அதே சோடியம்தான். 98 டிகிரியில் உருகும். 883 டிகிரி வரை கொதிக்காது. வேலையில் கெட்டிக்காரன், ஆனால் மூக்கின் மேல் கோபம்! தண்ணீர் பட்டாலே தீப்பிடிக்கும்.

நீராவி உண்டாக்கும் இடத்திலோ, சோடியத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் உருக்குக் குழாயின் சுவர்தான் இருக்கிறது. அதில் ஊசித் துளை விழுந்தால்? உள்ளே புகும் நீரிலிருந்து ஹைட்ரஜன் பிறக்கும். அது சோடியத்தில் எந்தச் சூட்டில் எவ்வளவு கரையும் என்று தெரிந்திருந்தால், கசிவு பெரிதாகும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். அப்படி மோப்பம் பிடிக்கும் கருவியைக் கல்பாக்கத்திலேயே உருவாக்கினார்கள். அதற்குள் இருந்து துப்புச் சொல்வது, கால்சியமும் புரோமினும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓர் உப்பு!